காட்டிவிட்டுப் போடும் ஓட்டு

நம் சங்கத் தேர்தலில் யாருக்குப் போட்டோம் என்று ரூம்மேட்டிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் மாநிலங்களவைத் தேர்தலில் ஒரு கட்சியின் எம்.எல்.ஏ., சீட்டைக் கட்சி ஏஜென்ட்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். 2003-ல் வந்த சட்டத் திருத்தம் இது.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. தமிழ்நாட்டுக்கு அங்கே 18 இடம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 6 காலியாகும். 234 எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போட்டால், 34 பேரின் முதல் விருப்பம் கிடைத்தவர் ஜெயித்தாச்சு. (ஏழாவது ஆளுக்கும் 34 வேண்டுமானால் மொத்தம் 238 ஆகுமே, எங்கே போவது?) இப்போது இரண்டு ஓட்டு குறைகிற பணக்கார வேட்பாளரை நினைத்துப் பாருங்கள்! அந்த வியாபாரத்தை நிறுத்தத்தான் ரகசியத்தை எடுத்தார்கள். 2006-ல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. 2017-ல் குஜராத்தில் இரண்டு எம்.எல்.ஏ.க்கள் ஏஜென்ட் அல்லாத ஆளிடம் சீட்டைக் காட்டினார்கள். இரண்டு ஓட்டும் செல்லாமல் போச்சு.

அதுவரை சரிதான். ஆனால் அதே திருத்தம், வேட்பாளர் அந்த மாநிலத்து வாக்காளராக இருக்க வேண்டும் என்ற விதியையும் நீக்கிவிட்டது. எனக்கு உறுத்துவது இதுதான். 1989-ல் பஞ்சாயத்து மசோதா மக்களவையில் தேறியும் மாநிலங்களவையில் தோற்றது. மாநில உரிமை போய்விடும் என்று அங்கே எதிர்த்தார்கள். எந்த ஊர்க்காரரும் எந்த மாநிலத்துக்கும் உறுப்பினர் என்றான பிறகு, அப்படி எழுந்து கேட்க அவருக்கு என்ன வந்தது?