ஆலையில் யூனிஃபார்ம், லீவு நாளில் ஸ்டைலிங்: வல்லம் வடகாலில் இருந்து ஃபேஷன் துறைக்குள் போக முடியுமா?

மின்னணு ஆலையின் உற்பத்திக் கூடத்துக்குள் போய்விட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான். ஆன்டி-ஸ்டாடிக் மேலங்கி, முடியை மூடும் தொப்பி, உலோக நகைகளுக்குத் தடை. எட்டு மணி நேரம் முடிந்து ஷிஃப்ட் பஸ் ஏறி அறைக்கு வந்து போனைத் திறந்தால் அங்கே வேறு உலகம். ‘கெட் ரெடி வித் மீ’ ரீல்ஸ், 500 ரூபாய் குர்த்தியை ஐந்து விதமாக அணிவது எப்படி, நடிகையின் ரெட் கார்பெட் உடையை வடிவமைத்தவர் யார் என்று வரிசையாக ஓடும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு கேள்வி வரும்: “இதை ஒரு வேலையாகவே செய்ய முடியுமா?”

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கும் வல்லம் வடகாலில் இந்தக் கேள்விக்கு ஆள் அதிகம். சிப்காட் தொழிற்பூங்காவில் 706.50 கோடி ரூபாயில் கட்டப்பட்ட பெண் பணியாளர் குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். ஃபாக்ஸ்கான் ஊழியர்களுக்கான அந்த வளாகத்தில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். 2021 டிசம்பரில் விடுதி உணவால் பலர் பாதிக்கப்பட்டு, பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டடத்தின் பின்கதை புரியும். அங்கே தங்குபவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர்கள். இந்த வேலை எத்தனை வருஷம் என்ற யோசனையும், அடுத்து என்ன என்ற யோசனையும் கூடவே ஓடும் வயது.

ஸ்டைலிங் அந்த ‘அடுத்து’ ஆக முடியுமா? முடியும். ஆனால் ரீல்ஸில் தெரிவது அந்த வேலையின் கடைசி பத்து நிமிடம்தான்.

ஸ்டைலிஸ்ட் வேறு, டிசைனர் வேறு

மூன்று பெயர்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஃபேஷன் டிசைனர் உடையை உருவாக்குகிறார். துணி, வெட்டு, தையல் எல்லாம் அவர் பொறுப்பு. காஸ்ட்யூம் டிசைனர், கதையில் வரும் பாத்திரத்துக்கு என்ன உடை என்று முடிவு செய்கிறார். பாலா இயக்கிய ‘பரதேசி’ படத்துக்காக 60-வது தேசிய விருதுகளில் சிறந்த ஆடை வடிவமைப்புக்கான விருதைப் பெற்றவர் பூர்ணிமா ராமசாமி. சுதந்திரத்துக்கு முந்தைய தேயிலைத் தோட்டக் கூலிகளின் கதை அது. அழகாகக் காட்டுவதற்கு அங்கே எந்த வேலையும் இல்லை. கந்தலைக் கந்தலாகவே நம்பவைப்பதுதான் வேலை.

ஸ்டைலிஸ்ட் பெரும்பாலும் எதையும் தைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் உடை, செருப்பு, கம்மல், பை, கண்ணாடி ஆகியவற்றில் இருந்து தேர்ந்தெடுத்து ஒரு முழு ‘லுக்’ ஆகச் சேர்ப்பவர். விளம்பரம், ஆன்லைன் கடைகளின் கேட்லாக், பத்திரிகை ஷூட், பட விழாவுக்குப் போகும் நடிகர், கல்யாணப் பெண் என வாடிக்கையாளர்கள் பல வகை. சிலர் மூன்றையும் செய்வார்கள். தொடங்கும்போது எது தன்னுடைய பாதை என்று தெரிந்திருந்தால் வீண் அலைச்சல் குறையும்.

முதல் வேலை பை தூக்குவது

யாரும் நேரடியாக ஸ்டைலிஸ்ட் ஆவதில்லை. அனுபவமுள்ள ஒருவரிடம் அசிஸ்டென்டாகச் சேர்வதே வழக்கம். அந்த வேலையை உள்ளபடியே சொன்னால், பாதி கூரியர், கால்வாசி கணக்கர், மீதி சலவைக்காரர்.

ஒரு உதாரணக் கணக்கு. ஒரு நாள் ஷூட்டுக்கு ஆறு லுக் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாற்று உடை வேண்டும். அப்படியானால் கையில் 18 செட். ஒரு செட் சராசரியாக 3,000 ரூபாய் என்றால் 54,000 ரூபாய் பொருள் ஒரே நாளில் அசிஸ்டென்ட் கைவழியாகப் போய்வருகிறது. கடையிலோ டிசைனரிடமோ வாங்கும்போது எது எத்தனை என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். ஏற்கெனவே இருந்த கறை, அறுந்த பட்டன் எல்லாவற்றையும் போட்டோ எடுக்க வேண்டும். விலைச் சீட்டைக் கிழிக்காமல் உள்பக்கமாக மடித்து ஒட்ட வேண்டும். மேக்கப் ஆன முகத்தோடு உடை மாற்றும்போது கழுத்துப் பகுதியில் ஃபவுண்டேஷன் ஒட்டிவிடும் என்பதால் முகத்தை மெல்லிய துணியால் மூடிவிட வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை மறந்தால் டெபாசிட் போச்சு.

ஷூட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்டீமரில் சுருக்கம் எடுப்பதும், மாடலின் அளவுக்குப் பெரிதாக இருக்கும் சட்டையை முதுகுப் பக்கம் கிளிப் போட்டுப் பிடிப்பதும், செருப்பின் அடிப்பாகம் அழுக்காகாமல் டேப் ஒட்டுவதும் அசிஸ்டென்ட் வேலைதான். சேஃப்டி பின், இருபக்க டேப், ஊசி, நான்கைந்து நிற நூல், கத்தரிக்கோல், லின்ட் ரோலர், கறைநீக்கி, தோல்நிற உள்ளாடை இருக்கும் பைக்கு ‘கிட்’ என்று பெயர். ஷூட் முடிந்த மறுநாள் ரிட்டர்ன். ஒரு ஜோடி கம்மல் குறைந்தாலும் கேள்வி அசிஸ்டென்டைத்தான் வந்து சேரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். பொருளை எண்ணி வாங்குவது, சேதத்தைப் பதிவு செய்வது, அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது கையெழுத்து, நேரம் தவறாமை: இவை அசெம்பிளி லைனிலும் குவாலிட்டி செக்கிங்கிலும் வேலை பார்ப்பவர்களுக்குப் புதிது இல்லை. ஃபேஷன் கல்லூரியில் இருந்து வருபவர்கள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

டிகிரி இல்லாமல் வந்தவர்கள்

உத்தரப் பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்தில் உள்ள பரன்வா கிராமத்தைச் சேர்ந்தவர் நான்சி தியாகி. சிவில் சர்வீஸ் தேர்வுக்குத் தயாராக டெல்லி வந்தவர். கொரோனா காலத்தில் அது நடக்காமல் போக, தானே துணி வாங்கி, தைத்து, அணிந்து வீடியோ போட ஆரம்பித்தார். 2024 மே மாதம் கான் திரைப்பட விழாவின் சிவப்புக் கம்பளத்தில் தானே தைத்த இளஞ்சிவப்பு கவுனோடு நடந்தார். ஆயிரம் மீட்டர் துணி, 30 நாள் உழைப்பு, 20 கிலோவுக்கு மேல் எடை என்று அவரே சொன்னார். எல்லாருக்கும் கான் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த அழைப்புக்கு முன்னால் தினம் ஒரு உடையாக அவர் போட்ட வீடியோ தொடர்தான் அவருடைய போர்ட்ஃபோலியோ.

ஹாலிவுட் நடிகை ஸெண்டாயாவின் ஸ்டைலிஸ்ட் லா ரோச் சிகாகோவில் பழைய உடைகள் விற்கும் கடை நடத்தியவர். அமெரிக்காவின் சிஎஃப்டிஏ அமைப்பு 2022-ல் முதன்முறையாக ஸ்டைலிஸ்ட்டுக்கு என்று ஒரு விருதை உருவாக்கியபோது அது அவருக்குத்தான் போனது. அடுத்த வருஷம் மார்ச்சிலேயே, துறையின் அரசியல் தாங்கவில்லை என்று சொல்லி ஓய்வை அறிவித்தார். உச்சியில் இருந்தவருக்கே அந்த நிலைமை.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் உதாரணம், கொல்கத்தாவைச் சேர்ந்த டாலி ஜெயின். புடவை கட்டிவிடுவதையே முழுநேரத் தொழிலாக்கியவர். 325 விதமாகப் புடவை கட்டத் தெரிந்தவர் என்பது அவருடைய அடையாளம். நட்சத்திரத் திருமணங்களில் மணப்பெண்ணுக்குப் புடவையும் துப்பட்டாவும் அமைத்துத் தர அவரை அழைக்கிறார்கள்.

வல்லம் வடகாலில் வழி எங்கே இருக்கிறது?

புடவையில்தான் இருக்கிறது என்று சொல்லலாம். தமிழ்நாட்டில் இப்போது கல்யாண சீசனில் பரபரப்பாக ஓடும் சின்னத் தொழில் ‘ப்ரீ-ப்ளீட்டிங்’. புடவையை முன்கூட்டியே மடிப்பெடுத்து, அயர்ன் செய்து, பெட்டி போல மடித்துக் கொடுப்பது. முதலீடு ஒரு அயர்ன் பாக்ஸ், ஒரு மேஜை, கிளிப்கள். அறையில் அயர்ன் பாக்ஸ் அனுமதி உண்டா என்று விடுதியில் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. மடிப்பில் தொடங்குபவர், மணப்பெண்ணுக்கு நேரில் போய்க் கட்டிவிடுவது, பிளவுஸ் நிறம், நகை, பூ எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என்று நகர்ந்தால் அதுவே ப்ரைடல் ஸ்டைலிங்.

அதற்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் காஞ்சிபுரமே இருக்கிறது. 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற பட்டு. உடலும் பார்டரும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வை வேலை எது, சாதா பார்டர் எது, கனமான ஜரிகை முந்தானையைத் தோளில் எத்தனை மடிப்பில் நிறுத்தலாம் என்பதை லீவு நாளில் கடைகளில் பார்த்தே கற்றுக்கொள்ள முடியும்.

கேமரா பக்கம் போக விரும்புபவர்களுக்கும் தூரம் பெரிதில்லை. ‘பிக் பாஸ்’ தமிழ் செட் இருக்கும் ஈவிபி ஃபிலிம் சிட்டி, செம்பரம்பாக்கத்தில், இதே பெங்களூரு நெடுஞ்சாலையில். பூந்தமல்லி அருகே குத்தம்பாக்கத்தில் நவீன திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. வல்லம் வடகாலிலேயே 2017-ல் ஆலையைத் திறந்த ராயல் என்ஃபீல்டு, பைக்கோடு சேர்த்து ரைடிங் ஜாக்கெட், ஹெல்மெட், டி-ஷர்ட் எல்லாம் விற்கும் நிறுவனம். பைக் விளம்பரம் என்றாலும் அதில் இருப்பவருக்கு ஒருவர் உடை தேர்வு செய்தே ஆக வேண்டும். ஆலையில் வேலை செய்வதால் அந்த வேலை கிடைத்துவிடும் என்று அர்த்தமில்லை. இந்த வேலை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதற்காகத்தான் சொல்கிறோம்.

பொருள் தேட சென்னை. துணிக்கு சௌகார்பேட்டை கோடவுன் தெரு, மலிவான காட்டனுக்கு எழும்பூர் பாந்தியன் சாலையின் காட்டன் ஸ்ட்ரீட், மற்ற எல்லாவற்றுக்கும் தி.நகர், டெம்பிள் ஜுவல்லரிக்கு மயிலாப்பூர். எந்தக் கடையில் என்ன கிடைக்கும், யார் வாடகைக்குக் கொடுப்பார்கள், யார் ரிட்டர்ன் எடுப்பார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால், அந்த நோட்டுதான் அசிஸ்டென்டின் சொத்து.

படிப்பு

முறையாகப் படிக்க நினைத்தால் தரமணியில் 1995 முதல் இயங்கும் நிஃப்ட் இருக்கிறது. அங்குள்ள ஃபேஷன் கம்யூனிகேஷன் நான்கு ஆண்டுப் படிப்பில் ஸ்டைலிங்கும் ஒரு பகுதி. நுழைவுத் தேர்வு உண்டு, செலவு சில லட்சங்கள். குடும்பத்துக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவருக்கு அது எட்டாத தூரம். ஐடிஐ-யில் ஓராண்டு ‘ஃபேஷன் டிசைன் அண்ட் டெக்னாலஜி’ பிரிவு இருக்கிறது. ஸ்டைலிங் என்ற பெயர் இருக்காது, ஆனால் துணி பற்றிய அறிவும் அவசரத்துக்கு ஒரு ஆல்ட்ரேஷன் போடும் கையும் வரும். ஒரு மாத ‘செலிபிரிட்டி ஸ்டைலிஸ்ட்’ சான்றிதழுக்குப் பெரிய தொகை கேட்பவர்களிடம், இதுவரை படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டலாம்.

வேலையை விடலாமா?

இதுதான் உண்மையான கேள்வி. ஆலையில் மாதம் பிறந்தால் சம்பளம். பிஎஃப் பிடிக்கிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இஎஸ்ஐ மருத்துவம் உண்டு. பஸ், சாப்பாடு, படுக்கை கிடைக்கிறது. ஃப்ரீலான்ஸ் ஸ்டைலிங்கில் இவை எதுவும் இல்லை. ஆரம்ப ஷூட்கள் பலவற்றில் சம்பளத்துக்குப் பதில் ‘கிரெடிட் கொடுக்கிறோம்’ என்பார்கள். பணம் தருபவர்களும் ஷூட் முடிந்து பல வாரம் கழித்தே தருவார்கள். டாக்சி, கூரியர், டெபாசிட் எல்லாம் முதலில் அசிஸ்டென்டின் கையில் இருந்து போகும்.

அதனால், வாரம் ஒரு லீவு நாளில் தொடங்கி, மூன்று நான்கு மாதச் செலவுக்கான பணம் தனியாகச் சேர்ந்த பிறகு வேலையை விடுவதைப் பற்றி யோசிப்பதே கணக்குக்குச் சரி. ஷிஃப்டும் ஷூட்டும் மோதினால் ஷூட்டை ஒத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. இந்தத் துறையில் ‘கடைசி நிமிடத்தில் வரவில்லை’ என்ற பெயர் வேகமாகப் பரவும்.

எதை ஒத்துக்கொண்டாலும் எழுத்தில் வாங்க வேண்டும். தேதி, நேரம், தொகை, பயணச் செலவு யாருடையது, பொருள் சேதமானால் யார் பொறுப்பு என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் எழுதி ‘ஓகே’ வாங்கினாலும் போதும். டிடிஎஸ் பிடித்தால் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து, வரி வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் அதைத் திரும்பப் பெறலாம். சினிமாவுக்குள் போனால் ஃபெப்சியில் காஸ்ட்யூமர்களுக்கு என்று தனிச் சங்கம் இருக்கிறது. அதன் உறுப்பினர் விதிகளை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். ‘வாய்ப்பு தருகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்பவர்கள் வேலை தருபவர்கள் இல்லை.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது. மலையாள சினிமா குறித்து 2017-ல் அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்ட் 19 அன்று வெளியானது. பாலியல் தொந்தரவோடு, செட்டில் கழிப்பறை, உடை மாற்றும் இடம் இல்லாததையும் எழுத்து ஒப்பந்தம் இல்லாததையும் அது பதிவு செய்தது. வேறு மொழியின் கதை என்று நகர்ந்துவிட முடியாது. 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டத்தின்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் உள் புகார் குழு இருக்க வேண்டும். இல்லாத இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். அவசர உதவிக்கு 181. இரவு ஷூட் என்றால், எத்தனை மணிக்கு முடியும், விடுதிக்குத் திரும்ப வண்டி உண்டா என்பதைத் தொகை பேசும்போதே கேட்கலாம். தயங்குபவர்கள் அதிகம். ஆனால் ஒழுங்கான குழு இதற்குக் கோபப்படாது.

முதல் ஐந்து லுக்

போர்ட்ஃபோலியோவுக்கு மாடல் தேவையில்லை, அறைத் தோழிகள் போதும். ஆனால் சம்மதம் கேட்டு, எங்கே பதிவிடப் போகிறோம் என்று சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். ஆலை வளாகத்துக்குள்ளோ ஐடி கார்டோடோ எடுக்கக் கூடாது. அது வேலைக்கே வினையாகும். காலை ஏழு மணி வெயில், வெறும் சுவர், ஒரு போன் போதும்.

எல்லாம் அழகான படமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே காட்டன் புடவையை ஆபீஸ் இன்டர்வியூவுக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் கல்லூரி விழாவுக்கும் ஏற்றபடி மூன்று பேருக்கு, மூன்று உடல்வாகுக்கு அமைத்துக் காட்டினால், அந்தப் பெண்ணுக்குக் கண் இருக்கிறது என்பது பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே என்ன பொருள், எங்கே வாங்கியது, என்ன விலை, ஏன் இந்தத் தேர்வு என்று இரண்டு வரி. படம் எடுத்தவர், மேக்கப் போட்டவர் பெயரும் இருக்க வேண்டும்.

பிறகு, பிடித்த ஸ்டைலிஸ்டின் பெயரை விளம்பர கிரெடிட்டிலோ பட டைட்டிலிலோ தேடி எடுத்து ஒரு மெசேஜ். ‘மேம், உங்க வேலை ரொம்பப் பிடிக்கும், வாய்ப்பு குடுங்க’ என்று மட்டும் எழுதினால் அது நூறோடு நூற்றொன்று. ஐந்து படங்களின் இணைப்பு, எந்தெந்தத் தேதியில் லீவு, எந்தக் கடைகள் தெரியும், ஸ்டீமிங், ஆல்ட்ரேஷன் வருமா, வல்லம் வடகாலில் இருந்து வடபழனி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று நான்கு வரியில் எழுதினால் படிப்பார்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து, புதிய ஒரு லுக்கோடு, இன்னொரு தடவை.