ஊர்ப் பூசணி விதை: காப்பாற்றினால் குடும்பச் சொத்து

ஓணம் நெருங்கிவிட்டால் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பூசணிக்காய்கள் குவியத் தொடங்கிவிடும். எரிசேரிக்கு மத்தன், ஓலனுக்குக் கும்பளம் என்று கேட்டு வாங்குவார்கள். இந்நகருக்கு வரும் காய்கறிகளில் பெரும் பகுதி தமிழகச் சந்தைகளிலிருந்து லாரியில் வருபவை. காய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் ஊரில் பாட்டன் காலம் தொட்டு வீட்டுக் கொல்லையில் போட்டுவந்த பெரிய பூசணியின் விதை இன்று எத்தனை குடும்பங்களில் இருக்கிறது?

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களின் வீடுகளில்தான் இந்த விதை முதலில் தொலைகிறது. நிலத்தை விற்றால் பத்திரம் எழுதுகிறோம். விதை போவதற்குப் பத்திரம் இல்லை. சில ஆண்டுகள் விதைக்காமல் விட்டால் போதும், முளைக்கும் திறன் போய்விடும். பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதே விதை கடையில் கிடைக்காது.

பெயரில் குழப்பம்

ஊரிலிருந்து விதை வரவழைப்பவர் முதலில் பெயரைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நெல்லை, குமரிப் பக்கம் பூசணி என்றால் மஞ்சள் சதையுள்ள காய். அதையே சென்னைப் பக்கம் பரங்கி என்பார்கள். மலையாளத்தில் அது மத்தன். சென்னையில் பூசணி என்றால் சாம்பல் பூத்த வெள்ளைக் காய். அது நெல்லையில் தடியங்காய், இங்கே கும்பளம். இவை இரண்டும் வேறு வேறு இனங்கள். பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று சிலர் அஞ்சுவது தவறு.

மஞ்சள் பூசணியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். ஐரோப்பியர் கடல் வழி கண்டு வந்த பின்னரே அது நம் நாட்டுக்கு வந்தது. பரங்கி என்ற பெயரே அதற்குச் சாட்சி.

கனடா விவசாயியின் சாதனை

வீட்டு விதையைக் கவனித்துக் காத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் விண்ட்சர் என்ற சிற்றூரைச் சேர்ந்த விவசாயி ஹோவர்ட் டில். கண்காட்சிக்காகப் பெரிய பூசணி வளர்ப்பது அவருடைய தந்தை காலத்திலேயே அந்தக் குடும்பத்தில் இருந்த பழக்கம். மகன் அந்த விதையை விடவில்லை. ஆண்டுதோறும் நல்ல காய்களைத் தேர்ந்து, கையாலேயே மகரந்தம் சேர்த்து, விதை எடுத்து மறுபடி விதைத்தார்.

1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில் வில்லியம் வார்னாக் என்ற கனடா நாட்டவர் வைத்த பூசணி 403 பவுண்டு, அதாவது சுமார் 183 கிலோ. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதை மிஞ்சிய காய் இல்லை. 1981-ல் டில் வளர்த்த காய் 493.5 பவுண்டு எடையுடன் உலக சாதனை ஆயிற்று. 1979 முதல் 1982 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உலகப் போட்டியில் அவருக்கே முதலிடம். தம் ரகத்துக்கு ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ என்று பெயரிட்டார். 2008-ல் அவர் காலமானார். உலகப் போட்டிகளில் எடை போடப்படும் ராட்சதப் பூசணிகள் ஏறத்தாழ எல்லாமே அவருடைய விதையின் வழிவந்தவைதான். 2025 அக்டோபரில் இங்கிலாந்தின் இரட்டையர்களான இயான், ஸ்டூவர்ட் பேட்டன் வளர்த்த காய் சுமார் 1,279 கிலோ இருந்தது.

இங்கே விளையுமா?

அந்த விதையை வாங்கித் திருவனந்தபுரத்தில் போட்டால் அப்படி விளையுமா என்றால், எதிர்பார்க்க இயலாது. அது குளிர்ந்த நாட்டுக்கு ஏற்ற இனம். நம் ஊர்ப் பூசணி வேறு இனம். வெயிலையும் ஈரக் காற்றையும் தாங்கக்கூடியது. இதில் 10 கிலோவைத் தாண்டும் காய்கள் புதியவை அல்ல.

ஆனால் சந்தை கேட்பது சிறிய காய். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-1 பூசணி 7, 8 கிலோ எடையுள்ளது; விளைய 175 நாட்கள் ஆகும். அடுத்து வந்த கோ-2 ஒன்றரை முதல் 2 கிலோதான். 135 நாட்களில் முடிந்துவிடும். சிறு குடும்பத்துக்கு அது வசதி. பெரிய காய் வேண்டுமானால் வீட்டு விதையைத்தான் நம்ப வேண்டும்.

விதைக்கும் முறை

கேரளத்தில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலும் விதைக்கலாம். இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி எடுத்து, மக்கிய தொழு உரத்தை மேல் மண்ணுடன் கலந்து நிரப்ப வேண்டும். குழிக்கு நாலைந்து விதை ஊன்றி, முளைத்தபின் நல்ல செடிகளை மட்டும் விட்டு மற்றவற்றைப் பிடுங்கிவிடலாம். பெரிய காய் வேண்டுபவர் குழிக்கு ஒரே கொடியை விட்டு, அதில் நல்லதாக ஒரு காயை மட்டும் நிறுத்தி மற்றப் பிஞ்சுகளைக் கிள்ளிவிட வேண்டும். படரும் கொடியின் கணுக்களில் மண் அணைத்தால் அங்கும் வேர் இறங்கும். காய்க்கு அடியில் காய்ந்த ஓலையோ பலகையோ வைத்தால் மழை ஈரத்தில் அழுகாது. பழ ஈ குத்தாமல் இருக்கப் பிஞ்சைத் தாளால் மூடலாம்.

விதை கலக்காமல் இருக்க

பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூக்கும். பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு தெரியும். தேனீ மகரந்தத்தைக் கொண்டுவருகிறது. அடுத்த வீட்டில் வேறு ரகப் பூசணி இருந்தால் அந்த மகரந்தமும் வந்து சேரும். இதனால் இந்த ஆண்டுக் காயில் மாற்றம் தெரியாது. அதன் விதையை அடுத்த ஆண்டு போடும்போதுதான் வேறு காய் காய்க்கும். பாட்டன் விதை பல வீடுகளில் கெட்டது இப்படித்தான்.

இதற்கு வழி சுலபம். மறுநாள் மலரக்கூடிய ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நுனி மஞ்சளிப்பதை வைத்து அறியலாம். மாலையில் இரண்டையும் நூலால் கட்டிவிட வேண்டும். மறுநாள் விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். பிறகு பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் அடையாளத் துணி கட்டிவிட்டால் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட கொடிகள் இருந்தால் ஒரு கொடியின் ஆண் பூவை மற்றக் கொடியின் பெண் பூவுக்குப் பயன்படுத்துவது நல்லது.

காம்பு காய்ந்து, நகம் இறங்காத அளவு தோல் இறுகிய பிறகே காயைப் பறிக்க வேண்டும். இரண்டு, மூன்று வாரம் வீட்டில் வைத்திருந்து உடைத்தால் விதை நன்றாக முற்றியிருக்கும். கழுவும்போது மிதக்கும் சொத்தை விதைகளைத் தள்ளிவிட்டு, மற்றவற்றில் சாம்பல் புரட்டி நிழலில் உலர்த்த வேண்டும். சாணத்தில் பதித்து வரட்டியாகத் தட்டிச் சுவரில் ஒட்டிவைப்பது நம் பெரியோர் கண்ட முறை. வாடகை அறையில் இருப்பவர்களுக்கு, சாம்பல் போட்டு இறுக மூடிய கண்ணாடிக் குப்பியே போதும். இங்குள்ள ஈரக் காற்றுதான் விதைக்குப் பெரிய எதிரி. ஆகவே ஆண்டுதோறும் இல்லாவிட்டாலும், ஓராண்டு விட்டு ஓராண்டாவது விதைத்துப் புதுப்பிக்க வேண்டும்.

சட்டமும் துணை நிற்கிறது

கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையிலிருந்து மறு விதை எடுத்தால் அதே காய் வராது. வீட்டு விதையோ தலைமுறைதோறும் நமக்கே திரும்பி வரும். 2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, விவசாயி தம் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பிறருக்குக் கொடுக்கவும், விற்கவும் உரிமை உண்டு. அதோடு, தம் பாரம்பரிய ரகத்தைப் பதிவு செய்துகொள்ளவும் அச்சட்டம் வழி செய்கிறது.

சந்தேகம் இருப்பவர்கள் தம் பகுதி கிருஷி பவனில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 1955-ல் தொடங்கப்பட்ட வேளாண் கல்லூரி நகருக்கு அருகிலேயே வெள்ளாயணியில் இருக்கிறது. கொல்லை இல்லாதவர்கள் ஊரில் இருக்கும் உறவினரிடமோ, இங்கே நிலமுள்ள நண்பரிடமோ பாதி விதையைக் கொடுத்துப் போடச் சொல்லலாம். ஒரே வீட்டில் இருக்கும் விதை ஒரு மழையில் அழிந்துபோகும். நாலு வீட்டில் இருந்தால், ஓரிடத்தில் போனாலும் இன்னோரிடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.