அடைத்த கதவைத் திறப்போம்

 

காய்ச்சல் கண்ட பிள்ளையை அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்கின்றோம். அதே பிள்ளை, யாரோ தன்னை ஏசும் குரல் கேட்கின்றது என்று அஞ்சி, உறக்கமின்றி அறைக்குள் ஒடுங்கினால் என்ன செய்கின்றோம்? கதவைச் சாத்துகின்றோம். அயலார் அறிந்தால் மூத்தவளின் கலியாணப் பேச்சு முறிந்துவிடும் என்று மறைக்கின்றோம். இவ்வாறு கழியும் மாதங்களே நோயை முற்றச் செய்கின்றன.

ஸ்கிசோப்ரேனியா எனப்படும் மனச்சிதைவு நோய், உலகில் 300 முதல் 350 பேரில் ஒருவரைப் பற்றுகின்றது. பெரும்பாலும் இளமையிலேயே தொடங்குகின்றது. இது வளர்ப்பின் குற்றமுமன்று, ஈமானின் குறைவுமன்று. மூளையின் செயற்பாட்டோடு தொடர்புற்ற நோய். ஆனால் தீராப் பழியென எண்ண வேண்டாம். இந்நோயாளரில் குறைந்தது மூவரில் ஒருவர் முழுமையாகக் குணமடைவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஏனையோரில் பலரும் மருந்தோடும் ஆதரவோடும் தொழில் செய்து வாழ முடியும்.

துயரம் எமக்குப் புதிதன்று. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். புத்தளத்து முகாம்களில் ஒருவர் கண்ணீரை மற்றவர் துடைத்தோம். வீடிழந்தவருக்குக் காட்டிய அந்த இரக்கத்தை, மனம் நொந்தவருக்கு மட்டும் ஏன் மறுக்கின்றோம்?

மறைப்பதும் கட்டிவைப்பதும் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை ஏர்வாடி உணர்த்தியது. 2001 ஆகஸ்ட் 6 ஆம் திகதி அங்கு உளநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட இயலாது கருகினர். 28 உயிர்கள் பிரிந்தன. எமது முன்னோரின் வழியோ வேறு. பத்தாம் நூற்றாண்டு அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடலோடு உள்ளத்தையும் பேணுமாறு எழுதினார். 1284 இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் உளநோயாளரும் பராமரிக்கப்பட்டனர்.

குடும்பம் செய்யக்கூடியது யாது? ஓயாது குறை கூறும் வீட்டுக்குத் திரும்பிய நோயாளருக்கு நோய் மீள்வது அதிகம் என்பதை இலண்டன் ஆய்வாளர்கள் முன்னரே கண்டனர். அமெரிக்காவில் வாழும் மெக்சிக்கோ வம்சாவளிக் குடும்பங்களை ஆராய்ந்தோர், பாசம் குன்றிய வீட்டில் நோய் மீளும் வாய்ப்புக் கூடுவதை அறிந்தனர். அவர்களும் எம்மைப் போன்றே உறவால் பிணைந்து வாழ்பவர்கள். ஆகவே வாப்பாவின் கனிந்த ஒரு சொல்லும், உம்மா அருகிருந்து ஊட்டும் ஒரு கவளமும் மருந்துக்குத் துணையாகும். மருந்துக்கு மாற்றாக மாட்டா.

எனவே, முதல் அறிகுறியிலேயே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் அல்லது தெல்லிப்பழை வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்க்கும் பேச்சு எழுந்தால் ஒருபோதும் தனியே விடாதீர்கள். சற்றுச் சுகம் கண்டதும் மருந்தை நிறுத்தாதீர்கள். நோன்பு காலத்தில் வேளையை மாற்ற வேண்டுமெனில் வைத்தியரைக் கேளுங்கள். கலியாணம் முடித்தால் தெளியும் என்று மறைத்து மணமுடிப்பது இன்னொரு குடும்பத்துக்குச் செய்யும் அநீதி. ஓதிப் பார்ப்பதும் துஆக் கேட்பதும் தொடரட்டும், மருந்தும் தொடரட்டும். பிணிக்கு மருந்து தேடுமாறு பணித்தவர் எமது நபி (ஸல்) அவர்களே.

இளைஞர்களே! "பைத்தியம்" என்று நகைக்கும் நண்பனைத் தடுங்கள். நோயுற்ற தோழனை ஜும்ஆவுக்கு உடனழைத்துச் செல்லுங்கள்.

மகனை இழந்து அழுதழுது பார்வை மங்கிய வேளையிலும் யஃகூப் (அலை) அவர்கள் நம்பிக்கை இழக்கவில்லை. யூஸுஃபைத் தேடிச் செல்லுமாறு பிள்ளைகளை அனுப்பினார்கள். அழுகையும் இருந்தது, தேடலும் இருந்தது. நாமும் அழுவோம், ஆயினும் தேடுவோம். அடைத்த கதவு திறந்தால், இன்ஷா அல்லாஹ், வெளிச்சம் உள்ளே வரும்.