கடைசி வரை – 12: கசகசாச் செடியும் காலண்டர் தாளும்

போன வாரம் லண்டனில், குணமாகாத நோயாளிகளுக்காக சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் 1967-ல் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்து வாசலில் நிறுத்தியிருந்தேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதற்கு மேல் நினைவூட்ட வேண்டியதில்லை. ‘இனிக் குணமாகாது என்பதை நோயாளியிடம் சொல்லலாமா?’ என்று இந்த வாரம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். குறிப்பெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. ஆனால் செவ்வாய்க்கிழமை ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அதிலிருந்து என்னால் வெளியே வர முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரை ஆசிரியர் கைக்குப் போயாக வேண்டும். அதனால் இந்த வாரம் அதுதான்.

கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் வீட்டுக் குருமாவில் தேங்காயோடு சேர்த்து அரைக்கிறோமே, அந்தக் கசகசாவின் செடியிலிருந்து.

அபின் செடி என்று ஒன்று உண்டு என்பது தெரியும். கசகசாவும் தெரியும். இரண்டும் ஒரே செடி என்பது இத்தனை வயதுக்குப் பிறகு இந்தச் செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. உடனே அடுப்படிக்குப் போய் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். சாம்பல் கலந்த வெள்ளை. மணலைவிடக் கொஞ்சம் பெரிது. இந்த விதையில் போதை கிடையாது. போதை தரும் பால் இருப்பது விதையைச் சுற்றியிருக்கும் பச்சைக் காயின் தோலில்.

மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர், நீமச், ராஜஸ்தானில் சித்தோர்கர், பிரதாப்கர், உத்தரப் பிரதேசத்தில் பாரபங்கி. இந்தப் பக்கங்களில் அரசாங்கத்தின் உரிமம் வாங்கி இதைப் பயிரிடுகிறார்கள். பூ உதிர்ந்து, காய் திரண்டதும், பொழுது சாயும் நேரத்தில் காயின் மேல் சின்னக் கத்தியால் மெல்லக் கீறி விடுவார்கள். ராத்திரி முழுக்கப் பால் கசியும். விடிகாலையில் அது பழுப்பேறி, பிசினாக இறுகியிருக்கும். அதைச் சுரண்டி எடுப்பார்கள். இரண்டொரு நாள் விட்டு மறுபடி கீறல். ஒரே காயில் மூன்று நான்கு தடவை.

நம் பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தென்னம்பாளையைத் தட்டி, நுனியைச் சீவி, கலயம் கட்டி, காலையில் ஏறி இறக்கிய கைகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. காயம்பட்ட இடத்தில் செடி கசிகிறது. அந்தக் கசிவை மனிதன் எடுத்துக்கொள்கிறான். அங்கே காய், இங்கே பாளை.

அதிராம்பட்டினத்தில் ஒரு நண்பர் வீட்டில் இதைச் சொன்னேன். அவருடைய அம்மா சட்டென்று, “அதான் சவூதிக்குப் போற பிள்ளைங்களுக்கு மசாலா கட்டிக் குடுக்கும்போது கசகசாவை மட்டும் எடுத்து வச்சிருவோம்” என்றார். வளைகுடா நாடுகள் சிலவற்றில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். பெட்டியில் ஒரு பொட்டலம் இருந்தால் விமான நிலையத்திலேயே வழக்கு. மகனுக்கு அனுப்பும் மசாலாப் பொட்டலம் வழியாக அந்த அம்மாவுக்கு எப்போதோ தெரிந்திருந்த உண்மை அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த அபின் பிசினிலிருந்து மார்ஃபினைத் தனியாகப் பிரித்தவர் ஃப்ரீட்ரிக் சேர்ட்யூர்னர் என்ற ஜெர்மன் இளைஞர். பாடர்போர்ன் என்ற ஊரில் மருந்துக்கடை உதவியாளர். 1805 வாக்கில் அவருக்கு இருபது வயதைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஆகியிருந்தது. 1817-ல் விரிவான கட்டுரை வெளியிட்டார். கிரேக்கர்களின் கனவுத் தெய்வமான மார்ஃபியூஸ் பெயரை அந்த மருந்துக்கு வைத்தார். அந்தக் காலத்தில் தஞ்சாவூரை ஆண்டவர் இரண்டாம் சரபோஜி. தன்வந்திரி மகால் வைத்து, சித்த, ஆயுர்வேத, ஆங்கில வைத்தியர்களைக் கூட்டி மருந்துகளைச் சோதித்துக் குறிப்பெடுக்கச் சொன்ன மன்னர். நெப்போலியனை ஆங்கிலேயர்கள் வென்றதற்காக நம் கடற்கரையில் மனோரா கோபுரத்தைக் கட்டியவரும் அவரே. மனோரா எழும்பிய அதே பத்தாண்டில் மார்ஃபினுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இருநூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மருந்து புதிதில்லை. செடியும் நம் நாட்டில் விளைகிறது. அபினிலிருந்து மருந்துச் சரக்கைப் பிரித்தெடுக்கும் அரசுத் தொழிற்சாலைகள் காஜிப்பூரிலும் நீமச்சிலும் ஓடுகின்றன.

அப்படியானால் 2017-ல் என் சித்தப்பா ஏன் அப்படித் துடித்தார்?

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமம். தென்னந்தோப்புக்குள் வீடு. புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. இனி வைத்தியமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். படுத்தால் வலி, புரண்டால் வலி, இருமினால் உயிர் போகும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை அது. கட்டில் சட்டத்தைப் பிடித்துப் பிடித்து விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு கம்பவுண்டர் வந்து ஊசி போடுவார். சித்தப்பா இரண்டு மணி நேரம் கண் மூடுவார். அதற்குப் பிறகு விடிய விடிய முனகல். தெருவே தூங்காது.

மார்ஃபின் கேட்டு நான் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே இருந்த மருத்துவர் கோபப்படவில்லை, பயந்தார். “அது போதை மருந்து சார். நாங்க வச்சுக்கறதில்ல” என்றார். நாலு மெடிக்கல் ஏறி இறங்கினேன். ஒன்றில் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்போது கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தப் பயத்துக்கு ஒரு பிறந்த வருஷம் உண்டு: 1985. போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்த வருஷம். கடத்தல்காரர்களைப் பிடிக்கப் போட்ட சட்டம்தான். ஆனால் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்துக்கொள்ள நாலைந்து உரிமங்கள், அதுவும் வெவ்வேறு துறைகளில் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதி ஆகிவிடும். கணக்கில் பிசகினால் பத்து வருஷச் சிறை. யார் வைத்துக்கொள்வார்கள்? 1985-க்கும் 1997-க்கும் இடையில் இந்தியாவில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் விழுந்தது. 1997-ல் நாடு முழுவதற்கும் சேர்த்து வெறும் 18 கிலோ.

இந்த 18 கிலோவைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முற்றிய புற்றுநோய்க்காரர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் என்று வையுங்கள். மாதத்துக்கு 1.8 கிராம். அப்படியானால் 18 கிலோ என்பது பத்தாயிரம் பேருக்கு ஒரு மாத மருந்து. 90 கோடிப் பேருக்கு மேல் இருந்த நாட்டில், ஒரு வருஷத்துக்கு அவ்வளவுதான். மிச்சப் பேர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

கோழிக்கோட்டில் சிலர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் மயக்கவியல் மருத்துவர். டாக்டர் சுரேஷ்குமாரும் அவரும் நண்பர்களும் சேர்ந்து 1993-ல் அங்கே வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். நோயாளியை மருத்துவமனையில் படுக்க வைக்காமல், மார்ஃபின் மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ‘மாத்திரை தெருவுக்குப் போய்விடும், ஊரே அடிமையாகிவிடும்’ என்று பயமுறுத்தியவர்களுக்குக் கணக்கெடுத்தே பதில் சொன்னார்கள். இரண்டு வருஷத்தில் வீட்டுக்கு மார்ஃபின் கொண்டுபோன 1723 பேரைப் பற்றிய ஆய்வு 2001-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தவறாகப் பயன்படுத்தியதாகவோ வெளியே விற்றதாகவோ ஒரு சம்பவமும் தென்படவில்லை. 1723 வீடுகள், ஒரு திருட்டு இல்லை. இதைப் படித்த அன்றைக்கு என் சித்தப்பா வீட்டை 1724-வது வீடாக நினைத்துக்கொண்டேன்.

2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை ஒரே இடத்தில் அனுமதி வாங்கினால் போதும் என்றானது. இருபது வருஷம் டெல்லிக்கு நடையாய் நடந்தவர்களின் உழைப்பு அது. ஆனால் காகிதத்தில் போன பயம் மனதிலிருந்து போகவில்லை. 2017-ல் லான்செட் ஆணையம் ஒன்று உலகக் கணக்கை எடுத்தது. வலியில் இருக்கும் இந்தியர்களின் வலி மருந்துத் தேவையில் 4 சதவீதம்தான் அவர்களுக்குக் கிடைக்கிறது என்று சொன்னது. நான் மெடிக்கல் மெடிக்கலாக அலைந்ததும் அதே வருஷம்தான்.

கடைசியில் வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் மார்ஃபின் கிடைத்தது. சின்ன மாத்திரை. அங்கிருந்த செவிலியர் சித்தியை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து. படுக்கும்போது மட்டும் இரண்டு மாத்திரை, நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காக. கூடவே மலமிளக்கி, அதை ஒரு நாளும் விடக்கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் குமட்டும், தூக்கமாக வரும், பயப்பட வேண்டாம். “வலி வந்தாத்தான் குடுக்கணும்னு காத்திருக்காதீங்கம்மா, மணி ஆனா குடுங்க” என்று இரண்டு தரம் சொன்னார்.

இந்த ‘மணி ஆனா குடுங்க’ என்பதுதான் சாண்டர்ஸ் அம்மையார் லண்டனில் கற்றுக் கற்பித்தது. 1986-ல் உலக சுகாதார நிறுவனம் உலகத்துக்கே சொன்னதும் இதையே. வாய்வழி கொடு, கடிகாரம் பார்த்துக் கொடு, படிப்படியாகக் கூட்டு. டெல்டாக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. முறைத் தண்ணீர் எதற்கு வைக்கிறோம்? வயல் வெடித்த பிறகு பாய்ச்சவா? வெடிப்பதற்கு முன் மடை திறக்க வேண்டும். வெடித்த வயலுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும், அப்போதும் பயிர் தேறாது. வலியும் அப்படித்தான். ஏறவிட்டுப் பிடித்தால் அதிக மருந்து தேவைப்படும். ஏறுமுன் கொடுத்தால் கொஞ்சத்தில் அடங்கும்.

சித்தி அதிகம் படித்தவர் இல்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஐந்து எண்களை எழுதி வைப்பார். மாத்திரை கொடுத்ததும் எண்ணுக்கு நேரே ஒரு கோடு. நான் போனபோது பத்துப் பன்னிரண்டு தாள்களை ஒரு கவ்வியில் கோத்து ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தார். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் ஆறு, பத்து, இரண்டு.

“மூணாம் நாள் ராத்திரி பூரா தூங்கினாங்க தம்பி. எனக்குத்தான் பயமாப் போச்சு. மூக்குல கை வச்சுப் பார்த்தேன்” என்றார்.

இந்தப் பயம் எல்லா வீட்டிலும் வரும். மார்ஃபின் மூச்சை நிறுத்திவிடுமோ என்று. வலிக்கு ஏற்ற அளவில், மருத்துவர் சொன்னபடி மெல்லக் கூட்டிக் கொடுத்தால் நிறுத்தாது. பல நாளாகத் தூங்காத மனிதர் தூங்குகிறார், அவ்வளவுதான். காலையில் சித்தப்பா எழுந்து காப்பி கேட்டிருக்கிறார். அன்று மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி தன் உடம்பைப் பற்றியதில்லை.

“புது ஆத்துல தண்ணி விட்டாச்சாடா?”

கல்லணைக் கால்வாயைத்தான் கேட்டார். ஐப்பசி மாதம். மூன்று மாதமாக அவருக்கு வலியைத் தவிர வேறு எதுவும் நினைப்பில் இல்லை. வலி விலகியதும் ஆறு திரும்பி வந்தது, தோப்பு வந்தது, எந்த மரத்தில் வண்டு விழுந்திருக்கிறது என்ற கவலை வந்தது. தையில் போனார். கடைசி இரண்டரை மாதம் அவர் அவராகவே இருந்தார். (அவர் வைத்த மரங்கள் 2018 நவம்பரில் கஜா புயலில் விழுந்தன. அதைப் பார்க்காமல் போனாரே என்று சித்தி இப்போதும் சொல்வார்.)

வலி தணிப்பு என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறவர்களுக்காக ஒரே ஒரு ஆய்வு. 2010-ல் பாஸ்டனில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை. ஒரு பாதிப் பேருக்கு மட்டும் முதலிலிருந்தே வலி தணிப்புக் குழுவின் கவனிப்பும் சேர்ந்தது. அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள், மனச்சோர்வு குறைந்தது. அதோடு இடைநிலைக் கணக்கில் (மீடியன்) 11.6 மாதம் வாழ்ந்தார்கள். மற்றவர்கள் 8.9 மாதம். இந்த ஆய்வைப் பற்றி ஒரு வாரம் தனியாகவே எழுத வேண்டும்.

உண்மையைச் சொல்வது பற்றிய பேச்சு அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதற்கான விதையை மட்டும் போட்டு வைக்கிறேன். டாக்டர் ராஜகோபால் தானே பல இடங்களில் சொல்லி வருந்திய சம்பவம் இது. ஒரு கல்லூரிப் பேராசிரியர் தாங்க முடியாத புற்றுநோய் வலியோடு அவரிடம் வந்தார். ராஜகோபால் நரம்பில் ஊசி போட்டு அந்த வலியை முழுதாக அடக்கிவிட்டார். “மறுபடி எப்போது வரட்டும்?” என்று கேட்டவரிடம், வலி போய்விட்டதால் இனி வர வேண்டியதில்லை என்றார். தன் நோய் குணமாகாது என்பது அந்தப் பேராசிரியருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அவர் வீட்டுக்குப் போய் உயிரை மாய்த்துக்கொண்டார். வலி அடங்கிய மனிதர் ஏன் அப்படிச் செய்தார், அவரிடம் யார், எப்போது, எப்படிப் பேசியிருக்க வேண்டும் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

அதுவரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் என்றால் நம்மில் பலருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவுச் சேவையும் அந்தத் திட்டத்தில் உண்டு; அதற்கென்றே செவிலியர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் வலியில் படுத்திருந்தால், நாளைக் காலையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அந்தச் செவிலியரைப் பற்றிக் கேளுங்கள். மார்ஃபின் என்ற பெயரைத் தயங்காமல் சொல்லிக் கேளுங்கள்.