பழைய புல்லட் எஞ்சினைப் பிரிக்கப் போறீங்களா? பாகம் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

அமெரிக்காவுல பழைய மசில் கார் எஞ்சினை அக்கு அக்கா பிரிச்சு மறுபடி கட்டுறது பெரிய ஆசை. நம்ம ஊர்ல அந்த இடம் புல்லட்டுக்குத்தான். 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினாங்க. வண்டி திருவொற்றியூர்ல தயாராச்சு. மாகறல், காஞ்சிபுரம் பக்கம் அப்பா ஓட்டின புல்லட் உங்க வீட்டு ஷெட்டுலயும் நிக்கலாம். அதை ஓட வைக்கணும்னு ஆசை வர்றது நியாயம். ஆனா திட்டமில்லாம இறங்கினா, ஆசையில ஆரம்பிச்சு கடன்ல முடியும்.

முதல்ல ஆர்.சி., அப்புறம் ஸ்பேனர்

பைக் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதுக்கப்புறம் வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், பசுமை வரியும் உண்டு. பேப்பர் சரியில்லாத வண்டிக்கு ஒரு போல்ட்டுகூட வாங்காதீங்க.

எஞ்சின் நம்பர் இருக்கிறது கிராங்க்கேஸ்ல. அதனால அதை மட்டும் மாத்தாம காப்பாத்தப் பாருங்க. புதுப்பேட்டையில முழு எஞ்சின் மலிவா கிடைக்குதேன்னு மாட்டினா, நம்பர் ஆர்.சி.யோட ஒத்துப் போகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி எஞ்சின் மாத்த ஆர்.டி.ஓ. அனுமதி வேணும். இல்லேன்னா இன்சூரன்ஸ் கிளைம்லயும், விற்கும்போதும் சிக்கல்.

அளந்துட்டு வாங்குங்க

பழைய 350 வார்ப்பிரும்பு எஞ்சின்ல போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. பிறகு வந்த ஏ.வி.எல்., யூ.சி.இ. எஞ்சின்கள் வேற அமைப்பு. "புல்லட் பிஸ்டன் குடுங்க"ன்னு மட்டும் கேட்காதீங்க. மாடலையும் வருஷத்தையும் சொல்லுங்க.

சிலிண்டர் தேய்ஞ்சிருந்தா லேத்ல போரிங் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவாங்க. 0.25, 0.50 மி.மீ.ன்னு படிப்படியா சைஸ் ஏறும். 0.50 போதுங்கிற இடத்துல நேரா 1.00-க்குப் போனா, அடுத்த தடவைக்கான சேமிப்பை இன்னைக்கே செலவழிச்ச மாதிரி. கடைசி சைஸும் முடிஞ்சா புது ஸ்லீவ் செலவு வரும்.

இன்னொண்ணு: சிலிண்டரை அளந்து சைஸ் முடிவானதும், முதல்ல பிஸ்டனை வாங்கி லேத்காரர் கையில குடுங்க. அவர் அந்தப் பிஸ்டனை அளந்து, அதுக்கேத்த இடைவெளி விட்டு போரிங் பண்ணணும். வரிசை மாறினா ஒண்ணு ஜாம் ஆகும், இல்ல ஆயில் குடிக்கும்.

எதுல செலவு, எதுல சிக்கனம்?

பிஸ்டன் செட், கனெக்டிங் ராட், பேரிங், வால்வு, கைடு, ஆயில் பம்ப்: இதுல பேரம் வேண்டாம். ஆயில் பம்ப் சின்ன பாகம்தான். அது சொதப்பினா மத்த புதுப் பாகமெல்லாம் வீண். கிராங்க் செட்டிங்குக்குக் கூலி அதிகமானாலும் அனுபவசாலிகிட்டயே குடுங்க.

குரோம், சைலன்சர், சீட் எல்லாம் ஆறு மாசம் கழிச்சும் பண்ணலாம். கார்புரேட்டரைக் கழுவி, ஜெட் மட்டும் மாத்தினாலே போதும்னா புதுசு எதுக்கு? பவர் ஏத்துறேன்னு ஹை கம்ப்ரஷன் பிஸ்டன் போட்டா சூடும், மத்த பாகங்கள் மேல பாரமும் ஏறும். அடுத்த செலவுக்கு அதுவே அழைப்பு.

பில் கேட்டு வாங்குங்க. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லேர்ந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. பில் இல்லாத பாகம் போலியா இருந்தா யார்கிட்ட போய் கேட்பீங்க?

பட்ஜெட் எப்படி?

உதாரணத்துக்கு, கையில 30,000 ரூபாய் இருந்தா 20,000-க்கு மட்டும் திட்டம் போடுங்க. எஞ்சினைப் பிரிச்ச பிறகுதான் உள்ளே இருக்கிற உண்மையான சேதம் தெரியும். மீதி 10,000 அதுக்கு. அதையும் தாண்டினா வேலையை நிறுத்தி வைங்க, நகையை அடகு வைக்காதீங்க. இத்தனை வருஷம் ஷெட்டுல நின்ன வண்டி, இன்னும் மூணு மாசம் நிக்கும்.