வீடு கட்டிக் காட்டியவர்

பாலு மகேந்திரா என்றதும் பெரும்பாலோர் 'மூன்றாம் பிறை'க்குப் போய்விடுவார்கள். கேத்தி ரயில் நிலையம், புறப்படும் ரயில், தன்னை அடையாளம் தெரியாத ஸ்ரீதேவி பார்க்கவேண்டுமே என்று குட்டிக்கரணம் போடும் கமல்ஹாசன். எங்கள் வீட்டில் அவர் பெயர் அடிபட்டது வேறொரு படத்துக்காக.

வீவக வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு நானும் மனைவியும் காத்திருந்த காலம் அது. இரவானால் மசேநிதிக் கணக்கு, கடன் தவணை, புதுப்பிப்புச் செலவு என்று ஒரே கூட்டல் கழித்தல்தான். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன மாமியார் ஒருநாள், "மாப்பிள்ளை, 'வீடு' படம் பார்த்திருக்கீங்களா? அதைப் பார்த்துட்டு அப்புறம் கணக்குப் போடுங்க," என்றார்.

1988ல் வெளிவந்த படம். சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். அலுவலகம் போகும் சுதா, வயதான தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சொந்த வீடு கட்டத் துணிகிறாள். கையிலிருக்கும் இரண்டு மனைகளில் ஒன்றை விற்கிறாள். கடனுக்கு அலைகிறாள். கட்டுமானப் பொருளில் கைவைக்கும் குத்தகையாளரிடம் மாட்டுகிறாள்; அவருடைய திருட்டுத்தனத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது அங்கே சித்தாள் வேலை செய்யும் ஒரு பெண். வில்லன் கிடையாது. சண்டை கிடையாது. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது; இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்த இசை மட்டும் ஆங்காங்கே வந்துபோகிறது.

பாதி எழும்பிய அந்த வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வருகிறார். பூசாத சுவர்களுக்கு நடுவே நடக்கிறார், தடவிப் பார்க்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பயணத்திலிருந்து அவர் உயிரோடு திரும்புவதில்லை. பழைய நாடக நடிகரான சொக்கலிங்க பாகவதர் அந்தத் தாத்தாவாக நடித்தார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வாழ்ந்தார் என்று எழுதினால் தேய்ந்த வார்த்தை. பார்த்தால்தான் தெரியும். கடைசியில் அந்த நிலமே குடிநீர் வாரியம் கையகப்படுத்தியது என்று தெரியவருகிறது. சுதா நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திருப்பதோடு படம் முடிந்துவிடுகிறது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் 'வீடு'க்குத்தான்.

இந்தக் கதை அவர் உட்கார்ந்து யோசித்துக் கட்டியதல்ல. சிறு வயதில் தன் அம்மா ஒரு வீட்டைக் கட்டி முடிக்கப் பட்ட பாடுதான் இந்தப் படத்துக்கு வித்து என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மாவின் ஊர் இலங்கையின் கிழக்குக் கரை. மட்டக்களப்புக்குப் பக்கத்தில் அமிர்தகழி என்ற சிற்றூரில் 1939ல் பிறந்தவர் பாலு மகேந்திரா. பள்ளிச் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். இயக்குநர் குரல் கொடுத்ததும் மழை கொட்டியதைப் பார்த்துச் சிறுவன் அசந்துபோனானாம். வானத்தை வேலை வாங்கும் ஆளாக நாமும் ஆகவேண்டும் என்ற ஆசை அங்கே பிறந்தது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் உறைக்கும். சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பிரிட்டிஷ் போர்க் கைதிகளின் கதையைச் சொன்ன அந்தப் படத்தில் அவர்களுக்கு இடமில்லை. சினிமா யாரைக் காட்டுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பது பெரிய விஷயம்தான்.

புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969ல் வெளியே வந்தார். ராமு காரியத்தின் மலையாளப் படம் 'நெல்லு' அவருக்கு வழி திறந்தது. பிறகு மகேந்திரனின் 'முள்ளும் மலரும்', கே. விஸ்வநாத்தின் 'சங்கராபரணம்', மணிரத்னத்தின் முதல் படமான 'பல்லவி அனுபல்லவி' என்று கேமரா பிடித்த படங்களின் பட்டியலே ஒரு பாடத்திட்டம்போல இருக்கும். மற்றவர்கள் விளக்குகளைக் குவித்துக்கொண்டிருந்தபோது இவர் சன்னலைத் திறந்துவைத்தார். காலை வெயில் சாய்வாக உள்ளே வரும் நேரத்துக்காகக் காத்திருந்தார். முகத்தில் பாதி இருட்டாக இருந்தால் இருக்கட்டும் என்று விட்டார். இயக்குநராக முதல் படம் கன்னடத்தில், 1977ல் வந்த 'கோகிலா'. அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்கே தேசிய விருது. 'மூன்றாம் பிறை' இன்னொன்றைக் கொண்டுவந்தது.

1980ல் நடிகை ஷோபா இறந்ததைத் தாண்டிக் குதித்து இவரைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. 'பசி' படத்துக்குத் தேசிய விருது வாங்கிய பெண், பாலு மகேந்திராவை மணந்தவர், 18 வயதுகூட நிறையாமல் தற்கொலை செய்துகொண்டார். அந்த இழப்பிலிருந்துதான் 'மூன்றாம் பிறை' வந்தது என்று அவர் சொன்னார். படத்தை ரசிக்கும்போதும் அந்தப் பெண்ணின் வயதை என்னால் மறக்க முடிவதில்லை. மறக்கவும் வேண்டாம்.

நடுவில் மசாலாவும் எடுத்தார். 1984ல் வந்த அதன் பெயர் 'நீங்கள் கேட்டவை'. நீங்கள்தானே கேட்டீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற தொனி அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது!

என்னைக் கேட்டால், குடும்பத்தோடு பார்க்க அவருடைய சின்னத்திரை வேலையிலிருந்து தொடங்கலாம். தூர்தர்ஷனுக்காக எடுத்த 'சந்தியா ராகம்' படத்தில் அதே சொக்கலிங்க பாகவதர். மனைவி இறந்தபின் கிராமத்திலிருந்து சென்னைக்கு, அண்ணன் மகன் வீட்டுக்கு வருகிறார் கிழவர். யாரும் கெட்டவர்கள் இல்லை, வருமானம்தான் போதவில்லை. ஒரு வாய் கூடினால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்பதுதான் மொத்தப் படமும்.

அப்புறம் சன் தொலைக்காட்சியில் 'கதை நேரம்'. வாரம் ஒரு தமிழ்ச் சிறுகதை, மொத்தம் 52. சுந்தர ராமசாமி, சுஜாதா, மாலன் என்று எழுத்தாளர்களின் கதைகளை அரை மணி நேரத்துக்குள் அடங்கும் குறும்படங்களாக்கினார். நெடுந்தொடர்கள் கண்ணீரைப் பிழிந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு சோபா, ஒரு சன்னல், இரண்டு மூன்று நடிகர்களை வைத்துக்கொண்டு இலக்கியத்தை வரவேற்பறைக்குக் கொண்டுவந்த மனிதர். அந்தத் தொடருக்காகக் கதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதிக் கொடுப்பது ஓர் இளைஞரின் வேலை. அந்த இளைஞர் வெற்றிமாறன். பாலாவும் ராமும் சீனு ராமசாமியும் அதே பட்டறையில் உருவானவர்கள்தான். கதைகளில் பலவும் இன்று யூடியூப்பில் தேடினால் கிடைக்கின்றன.

ஆனால் எல்லாமே அப்படிக் கிடைத்துவிடுவதில்லை. 'வீடு', 'சந்தியா ராகம்' போன்ற படங்களின் மூல நெகட்டிவ்கள் இப்போது இல்லை என்று கடைசிக் காலத்தில் மேடைகளில் வருந்தினார். தமிழ்ப் படங்களுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தேசிய விருது வாங்கிய படத்துக்கே இந்தக் கதி என்றால் மற்றவற்றை என்ன சொல்ல?

கடைசிப் படம் 'தலைமுறைகள்'. அதுவரை கேமராவுக்குப் பின்னால் இருந்தவர், எந்நேரமும் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிவிட்டுத் தாத்தாவாக நடித்தார். மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்ட மகனோடு பல வருடங்களாகப் பேச்சு இல்லை. நகரத்திலிருந்து வரும் பேரனுக்குத் தமிழ் வராது, தாத்தாவுக்கு ஆங்கிலம் வராது. இருவரும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கிறார்கள். தமிழை மறக்காதே என்று தாத்தா கேட்டுக்கொள்ளும் கட்டத்தில், தொடக்கநிலை மூன்றில் படிக்கும் என் மகன் பக்கத்திலிருந்த என் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் இருவரும் எங்கள் வீட்டில் பேசிக்கொள்வது பாதி சைகையில், மீதி நானோ மனைவியோ மொழிபெயர்த்து. "தாத்தா, நம்ம ஊர்ல ஆறு இருக்கா?" என்று கேட்டான். உடைந்த தமிழ்தான், ஆனால் முழு வாக்கியம். அப்பா படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, தான் பிறந்த தோட்டத்துக்குப் பக்கத்தில் ஓடிய ஆற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மீதிப் படத்தை மறுநாள்தான் பார்த்தோம்.

'தலைமுறைகள்' 2013 டிசம்பரில் வெளியானது. 2014 பிப்ரவரி 13ஆம் தேதி பாலு மகேந்திரா சென்னையில் காலமானார். தேசிய ஒருமைப்பாட்டுக்கான சிறந்த படம் என்ற நர்கிஸ் தத் விருது அந்தப் படத்துக்கு அறிவிக்கப்பட்டது அதற்குப் பிறகு, ஏப்ரலில்.