முற்றத்தில் ஒரு நிழற்குச்சி

வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று பருவங்கள் நான்கு என நாம் படிக்கிறோம். படித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால் நம்மூரில் அவற்றுள் கோடை ஒன்றுதான் தெளிவாக அகப்படுகிறது. இங்கே வேப்பமரம் இலை உதிர்ப்பது மாசியிலும் பங்குனியிலும். உதிர்த்த கையோடு தளிர்த்தும் விடுகிறது. உறைபனியைச் சமவெளியில் யாரும் கண்டதில்லை. ஆகவே, "நமக்கு வெயில் காலம், மழைக் காலம் இரண்டே" என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு.

நம் முன்னோர் அப்படிச் சொல்லவில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறாகப் பகுத்தனர். இவற்றுக்கு வானத்தில் ஆதாரம் இருக்கிறதா? இருந்தால் அதை நாமே கண்டறிய முடியுமா? முடியும். அதற்குத் தொலைநோக்கி வேண்டாம்; ஒரு மீட்டர் நீளமுள்ள ஒரு குச்சி போதும்.

குச்சியை நடுவது எப்படி?

நாள் முழுதும் வெயில் விழும் சமதளத்தில், தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் நிற்குமாறு குச்சியை நடுங்கள். மொட்டை மாடியானால் மணல் நிரப்பிய வாளியில் நட்டு, மணல் மட்டத்துக்குச் சமமாகச் சுற்றிலும் பலகை பரப்பலாம். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டைக் கட்டிப் பார்த்துக் குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு பகல் 11.45 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு புள்ளி வையுங்கள். எல்லாவற்றிலும் குட்டையான நிழல் விழும் நேரமே உங்கள் ஊரின் உண்மையான நண்பகல். அது கடிகாரத்தின் 12 மணியாக இருக்க வேண்டியதில்லை. சென்னையில் அது நவம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 11.52-க்கும், பிப்ரவரி நடுவில் 12.23-க்கும் நிகழும். வாரம் ஒரு நாள் இந்தக் குட்டை நிழலை அளந்து, நாளோடு எழுதி வைத்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை: கதிரவனை ஒருபோதும் நேராகப் பார்க்காதீர்கள். விழித்திரை வலி தெரியாமலே கருகிவிடும். நாம் பார்க்க வேண்டியது நிழலை மட்டுமே.

மார்கழி: நிழல் திரும்பும் நாள்

டிசம்பர் 21 அளவில், அதாவது மார்கழி 6-ஆம் நாளையொட்டி, சென்னையில் ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் வடக்கே 74 செ.மீ. நீண்டு கிடக்கும். கன்னியாகுமரியில் 61 செ.மீ. இதுதான் ஆண்டின் மிக நீண்ட நண்பகல் நிழல். அதன் முன்னும் பின்னும் ஒரு வாரத்தில் நிழல் அரை சென்டிமீட்டர்கூட மாறாது. மார்ச் 21 அளவிலோ ஒரே வாரத்தில் 5 செ.மீ. குறைந்துவிடும். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது இரு முனைகளிலும் தயங்கி நின்று திரும்புகிறது. நடுவில் விரைந்து செல்கிறது. கதிரவனின் வடக்கு, தெற்குப் பயணமும் அப்படிப்பட்டதே.

மார்கழி ஏன் குளிர்கிறது? கல்லூரிக்கு வரும் மாணவர்களிடம் இதைக் கேட்டால் பலரும், "அப்போது பூமி கதிரவனிலிருந்து தூரமாக இருக்கும்" என்றே விடை சொல்வார்கள். உண்மை நேர்மாறானது. பூமி கதிரவனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில்; அப்போதைய தொலைவு சுமார் 14.7 கோடி கி.மீ. மிகவும் விலகியிருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கி.மீ. ஜனவரியில் பூமிக்குக் கிடைக்கும் ஒளி ஜூலையைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகம். அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கோடை என்பதையும் எண்ணிப் பாருங்கள். தொலைவு காரணமானால் இரு நாடும் ஒன்றாகவே குளிர வேண்டும் அல்லவா?

காரணம் சாய்வு. பூமியின் அச்சு 23½ டிகிரி சாய்ந்திருப்பதால் டிசம்பரில் வட அரைக்கோளத்தின் மீது ஒளி சரிந்து விழுகிறது. ஒரு கைவிளக்கைத் தரைக்கு நேராகப் பிடியுங்கள். சிறு வட்டம் தெரியும். சாய்த்துப் பிடியுங்கள், அதே ஒளி நீள்வட்டமாய்ப் பரந்து மங்கிவிடும். கதிரவன் தலைக்கு மேல் நிற்கையில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் ஒளி, டிசம்பர் நண்பகலில் சென்னையில் 1¼ சதுர மீட்டரில் பரவுகிறது. லண்டனில் அதுவே ஏறத்தாழ 4 சதுர மீட்டரில் பரவுகிறது! போதாக்குறைக்கு அங்கே பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. சென்னையிலோ 11 மணி 20 நிமிடம். அவர்களுக்குக் கடுங்குளிரும் நமக்கு இதமான பனிக்காலமும் வாய்த்த காரணம் இதுவே.

குச்சி இன்னொரு செய்தியும் சொல்லும். தை முதல் நாளில் கதிரவன் வடக்கே திரும்புவதாகச் சொல்வது வழக்கம். நிழலோ மார்கழி முதல் வாரம் முடியும் முன்பே திரும்பிவிடுகிறது! நம் ஆண்டுக் கணக்கு, கதிரவனை விண்மீன்களின் பின்னணியில் வைத்துப் பார்ப்பது. பூமியின் அச்சோ, சுழலும் பம்பரம் தலையாட்டுவது போல, சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று மெல்லத் தலையாட்டுகிறது. அதனால் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் இரண்டு கணக்கும் விலகுகின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் இணைந்திருந்தன. பொங்கலின் இனிமை இதனால் குறையாது. ஒரு பழைய வானியல் நினைவையும் சேர்த்தே நாம் கொண்டாடுகிறோம்.

மார்கழி விடியலில் எழுந்தால் பனித்துளியையும் ஆராயலாம். "பனி பெய்கிறது" என்கிறோம். அது மேலிருந்து விழுவதில்லை. தெளிந்த இரவில் தரையும் புல்லும் தம் வெப்பத்தை வானத்துக்குக் கதிராக வீசிவிட்டுக் காற்றைவிட அதிகமாகக் குளிர்கின்றன. அவற்றைத் தொடும் காற்றிலுள்ள நீராவி துளிகளாகப் படிகிறது. 1814-இல் இதை விளக்கி நூல் எழுதிய வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர், கம்பளிக் கற்றைகளை இரவில் வெளியே வைத்து, அவற்றின் எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தே உண்மையைக் கண்டார். நீங்கள் இரண்டு தட்டுகளை எடுத்து, ஒன்றை வெட்டவெளியிலும் மற்றதை அடர்ந்த மரத்தின் கீழும் இரவில் வையுங்கள். காலையில் வெளித்தட்டு நனைந்திருக்கும். மரத்தடித் தட்டு ஏறக்குறைய உலர்ந்தே இருக்கும். மரம் ஒரு போர்வை போல அமைந்து தட்டின் வெப்பம் வானத்துக்குப் போய்விடாமல் தடுப்பதே காரணம்.

சித்திரை: நிழல் மறையும் நாள்

தை, மாசி, பங்குனி என்று நிழல் குறுகிக்கொண்டே வரும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 அல்லது 11, மதுரையில் 16 அளவில், திருச்சியில் 18 அளவில், சென்னையில் 24. அந்த நாளின் நண்பகலில் குச்சிக்கு நிழலே இராது! கதிரவன் உங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறான். இக்காட்சி கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையில் வாழ்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். டில்லியில் உள்ளவர்களுக்கு அது ஒரு நாளும் வாய்ப்பதில்லை.

அப்படியானால் ஏப்ரல் 24-ஆம் நாள்தானே சென்னையில் வெயில் உச்சமாக இருக்க வேண்டும்? அக்கினி நட்சத்திரம் ஏன் மே மாதத்தில் வருகிறது? ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி மிகுவது நண்பகலில். வெப்பம் மிகுவது பிற்பகல் 2, 3 மணியில். வரவு செலவைவிட மிகுந்திருக்கும் வரை சேமிப்பு கூடிக்கொண்டே போகும். தரையும் அவ்வாறே, கதிரவன் உச்சியைத் தாண்டிய பிறகும் வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது.

இந்த நாட்களில் வெளியே விளையாடுவோர் வியர்வையின் கணக்கை அறிந்திருக்க வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் ஆவியானால்தான் பயன். வழிந்து சொட்டினால் பயனில்லை. கடலோரத்தில் காற்று ஈரமாக இருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. ஆகவே வெப்பமானியின் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஆட்டத்தைக் காலையிலோ மாலை 4 மணிக்குப் பின்போ வைத்துக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீரோ நீர்மோரோ அருந்துங்கள். தலை சுற்றினால் உடனே நிழலுக்கு வாருங்கள்.

ஆடி: தெற்கே விழும் நிழல்

சித்திரைக்குப் பிறகு நிழல் மீண்டும் முளைக்கும். ஆனால் இம்முறை தெற்கே! ஜூன் 21 அளவில் சென்னையில் அது 18 செ.மீ., கன்னியாகுமரியில் 27 செ.மீ. பிறகு திரும்பி வந்து, ஆகஸ்டு 18 அளவில் சென்னையில் இரண்டாம் முறை மறையும். கதிரவன் மறுபடியும் உச்சியில் நின்றும் சித்திரைச் சூடு இல்லை. ஏனெனில் தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மேகமும் மாலை மழையும் இடையில் குடை பிடிக்கின்றன.

அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, மேலேறிக் குளிர்ந்து, பெரும்பாலான மழையைக் கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. நமக்குக் கிடைப்பது "மழை நிழல்". எனினும் குற்றாலத்துக்குச் சாரல் எட்டிப்பார்க்கிறது. பாலக்காட்டுக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று நெருக்கி விரைந்து வருகிறது. அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று இதுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். முப்பந்தலில் காற்றாலைகள் காடு போல் நிற்பதன் காரணம் விளங்குகிறதா?

காற்றடிக்கும் நாட்கள் பட்டம் விட ஏற்றவை. பருத்தி நூலே போதும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் வண்டியில் செல்வோரின் கழுத்தை அறுத்து உயிரைப் பறித்திருக்கிறது. அதனால் அது தடை செய்யப்பட்டுள்ளது. மின்கம்பிகள் இல்லாத திடலைத் தேர்ந்தெடுங்கள். கம்பியில் சிக்கிய பட்டத்தை மறந்துவிடுங்கள்.

ஐப்பசி: குச்சிக்கு விடுமுறை

கதிரவன் தெற்கே நகர, நிலம் குளிர, காற்றும் திசை மாறுகிறது. வங்கக் கடலின் ஈரத்தை ஏந்தி வடகிழக்கிலிருந்து வரும் அக்காற்றே சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் தருகிறது. இடிமேகம் திரளும் நாட்களில் நிழலளப்பதை விட்டுவிட வேண்டும்.

மின்னல் பாயும் பாதையில் வெப்பநிலை சுமார் 30,000 டிகிரி செல்சியஸ். கதிரவனின் மேற்பரப்பைப் போல் ஐந்து மடங்கு. இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்னலால் இறக்கின்றனர். வயலிலும் திடலிலும் மரத்தடியிலும் நின்றவர்களே அவர்களில் மிகுதி.

மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவது நம் இயல்பு. ஆனால் உயர்ந்த மரமே மின்னலுக்கு எளிய இலக்கு. மரத்தைவிட மனித உடல் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், மரத்தில் இறங்கும் மின்னல் பக்கவாட்டில் நம்மீது தாவும். தரையில் பரவும் மின்சாரமும் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். மரத்திலிருந்து எட்டி நிற்கும் மாடுகள்கூட மடிவது இதனாலேயே. அவற்றின் முன்கால்களும் பின்கால்களும் தள்ளித் தள்ளி இருப்பதால் மின்னழுத்த வேறுபாடு மிகுதி. ரப்பர் செருப்பு காக்கும் என்று எண்ணாதீர்கள். கிலோமீட்டர் கணக்கில் காற்றையே துளைத்து வந்த மின்னலுக்கு ஒரு விரற்கடை ரப்பர் எம்மாத்திரம்?

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி 3 விநாடியில் சுமார் ஒரு கிலோமீட்டர் செல்லும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது என்று பொருள்; அடுத்தது உங்கள் தலைக்கு மேலேயே இருக்கலாம். உடனே கட்டடத்துக்குள்ளோ, உலோகக் கூரையுள்ள மூடிய பேருந்துக்குள்ளோ செல்லுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை வெளியே வராதீர்கள். கிரிக்கெட் ஆட்டம் காத்திருக்கும்.

ஓராண்டின் வரைபடம்

கார்த்திகையில் வானம் வெளுத்ததும் மீண்டும் அளக்கத் தொடங்குங்கள். நிழல் வடக்கே நீண்டுகொண்டே போய் மார்கழியில் பழைய புள்ளியைத் தொடும். அப்போது வரைதாள் ஒன்றில் நாட்களைக் கிடை அச்சிலும், நிழலின் நீளத்தைக் குத்து அச்சிலும் குறியுங்கள். தெற்கே விழுந்த நிழலுக்குக் குறைக்குறி இடுங்கள். அழகிய அலை ஒன்று கிடைக்கும்.

அதன் கீழே ஆறு பருவங்களின் பெயர்களையும் எழுதிப் பாருங்கள். நிழல் மிக நீண்டு கிடக்கும் இடத்தில் முன்பனியும், அது மறையும் இடத்தில் இளவேனிலும், தெற்கே சாயும் இடத்தில் முதுவேனிலும் அமையும். காரும் கூதிரும் காற்றும் மேகமும் எழுதியவை. அவற்றுக்கு நிழலோடு மழையளவையும் குறிக்க வேண்டும். வேறு ஊரில் உள்ள நண்பர் ஒருவரையும் அளக்கச் சொல்லி, இரண்டு வரைபடங்களையும் ஒப்பிடுங்கள். நிழல் மறையும் நாட்கள் ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்விக்கு விடை கண்டால், பூமி உருண்டை என்பதற்கு நீங்களே திரட்டிய சான்று உங்கள் கையில் இருக்கும்.